கிடங்கு அறையின் நான்காம் குழி

கிடங்கு அறையில் தோண்டிய நான்காம் ஆய்வுக் குழிக்குள் முழங்காலிட்டு மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்த டாக்டர் மரிசோல் ஓரிடத்தில் கையை நிறுத்தினார். மஞ்சள் களிமண் அங்கே முடிந்து, சாம்பல் நிறத்தில் பொலபொலவென்று வேறு மண் தொடங்கியது. நான் சாவிக்கொத்தோடு வாசற்படியில் நின்றிருந்தேன்.

"கொள்ளைக்குழி," என்றார் நிமிராமலே. "நமக்கு முன்னாடியே எவனோ தோண்டிட்டான் நெலிதா. இதுல ஒண்ணும் இருக்காது. நாளைக்கு மூடிரலாம்."

தோண்டியவர் என் அப்பா.

இந்த வீட்டின் வரலாறு முன்னறைச் சுவரில் பெரிய எழுத்தில் இருக்கிறது. தினமும் அதைத் துடைப்பது நான்தான். கரும்புத் தோட்ட முதலாளி, பழையவர்களின் கல்லறை மேடான வாக்காவின் மீது முதுகைச் சாய்த்தாற்போல் இதைக் கட்டினார். நிலச் சீர்திருத்தம் வந்ததும் அவர் குடும்பம் தலைநகர் லிமாவுக்குப் போனது. அப்புறம் கூட்டுறவுச் சங்கம், சோளக் கிடங்கு, கொஞ்ச காலம் வெறும் வௌவால்கள், இப்போது அருங்காட்சியகம். கண்ணாடிப் பெட்டியில் உள்ள பூனைமுகப் பானைகளுக்குக் கீழே 'குடும்பத்தாரின் நன்கொடை' என்று எழுதியிருக்கிறது. குடும்பத்தாருக்கு அவை எப்படிக் கிடைத்தன என்பதைச் சுவர் சொல்வதில்லை.

ஒவ்வொரு புனித வெள்ளியன்றும் முதலாளி எங்கள் ஆட்களைப் பழைய பானைகளைத் தோண்டியெடுக்கக் கிடங்கு அறை வழியாக மேட்டுக்குள் இறக்குவார். ஆண்டவர் இறந்துகிடக்கும் அந்த ஒரு நாள் வாக்காவும் உறங்கும், யாரையும் பிடிக்காது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அறுபத்தாறாம் வருடம் அப்பாவும் அவர் தம்பி கசியானோவும் கரும்புச் சாராயம் தெளித்து, கோக்கா இலை மென்று, இறங்கினார்கள். வேறு நாளாக இருந்தால் சுரங்கத்துக்கு மரக்கட்டைகளை முட்டுக் கொடுத்திருப்பார்கள். அன்று கொடுக்கவில்லை. உறங்குகிற மண் எப்படி விழும்? விழுந்தது, அப்பா மட்டும்தான் மேலே வந்தார்.

மறுநாளே முதலாளி குழியை மூடித் தரை போட்டார். கசியானோ லிமாவுக்கு ஓடிவிட்டான் என்று ஊருக்குச் சொல்லப்பட்டது. அப்பா தலையாட்டினார். அப்படியே ஐம்பது வருடம் தலையாட்டினார். போன ஞாயிறு, சாப்பாட்டுக்கு நடுவே நான் நான்காம் குழியைப் பற்றிப் பேச்சுவாக்கில் சொன்னபோதுதான், கரண்டியை வைத்துவிட்டு, சுவரைப் பார்த்தபடி இதையெல்லாம் சொன்னார். இப்போது டாக்டர் குழியை மூடியதும் மேலே சிமெண்டுப் பாதை வந்துவிடும். அதன்பின் யாரும் அதைத் திறக்கப்போவதில்லை.

"என்னை இந்த வயசுல ஜெயில்ல போட மாட்டாங்க. உன் வேலைதான் போகும். கொள்ளைக்காரன் மக கையில எவன் சாவியக் குடுப்பான்?" என்றார். தட்டைத் தள்ளிவிட்டு, "அவ என் மூஞ்சியில துப்புவா," என்றார்.

அவள் என்றது சித்தி தொமித்திலாவை. கசியானோவின் மனைவி. அருங்காட்சியக வாசலில், கிடங்கு அறையிலிருந்து நாற்பது அடி தூரத்தில், சோளமாவை வாழையிலையில் கட்டி அவித்த தமால் விற்கிறாள். பஸ் வந்து நின்றால், லிமாக்காரியோடு உன் ஆள் இறங்குகிறான் பார் என்று யாராவது கிண்டலடிப்பார்கள். சித்தியும் சளைக்க மாட்டாள். "வரட்டுமே. அவளுக்கு ஓசியில குடுப்பேன், அந்த ஆளுகிட்ட ரெண்டு மடங்கா வாங்குவேன்." ஆனால் கடைசி ஆள் இறங்கும்வரை அவள் கை இலையைக் கட்டாது. நான் பார்த்திருக்கிறேன். ஞாயிறுதோறும் அப்பாவுக்கு ரெண்டு தமால் கொடுத்தனுப்புவாள். அவரும் தின்பார்.

டாக்டர் சொன்னபடியே மறுநாள் காலை ஆட்கள் குழிக்குள் துணி விரித்தார்கள். ஒருவன் முதல் மணல் மூட்டையின் வாயை அவிழ்த்தான். நான் சாவிக்கொத்தை டாக்டரின் காலடியில் வைத்தேன்.

"மூடாதீங்க டாக்டர். அதுல ஒருத்தர் இருக்கார்."

"பழசா?"

"இல்ல. என் சித்தப்பா."

மணல் மூட்டையை வைத்திருந்தவன் தொப்பியைக் கழற்றினான். நான் எல்லாவற்றையும் சொன்னேன். போலீசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்றார் டாக்டர். சாவியை அவர் எடுக்கவுமில்லை, திருப்பித் தரவுமில்லை. சித்தப்பாவுக்கு மனைவி, மக்கள் யாராவது இருக்கிறார்களா என்று மட்டும் கேட்டார்.

வாசலுக்குப் போய்ச் சித்தியிடம் எந்த வார்த்தைகளில் சொன்னேன் என்பது நினைவில்லை. அப்பா கூட இருந்ததை மட்டும் சொல்ல வாய் வரவில்லை. சொல்லி முடிக்கும்வரை கேட்டாள். கூடையைத் துணியால் மூடினாள். இத்தனை வருடத்தில் அவள் முன்வாசல் வழியாக உள்ளே வந்தது அன்றுதான். அழவில்லை. குழியின் விளிம்பில் வந்து நின்றாள்.

"தலை எந்தப் பக்கம்?"

எனக்குத் தெரியவில்லை. அது தெரிந்தவர் அப்பா ஒருவர்தான். ஜன்னலுக்கு வெளியே, சாலைக்கு அப்பால் மரத்தடியில் நின்றிருந்தார். எப்போது வந்தாரோ. என் பார்வை போன திசையில் சித்தியும் பார்த்தாள். ஒருகணம் அவள் முகம் வெறுமையாக இருந்தது. பிறகு அதில் ஏதோ மெல்ல விளங்கியது.

"ஓ," என்றாள். "அவருக்குத் தெரியும்."

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சோளமாவுக் கையைப் பாவாடையில் துடைத்தபடி அவள் சாலையைக் கடந்தாள். அப்பா நகரவில்லை. அவள் மிக அருகில் போய் நின்றாள். என்ன கேட்டாள் என்று எனக்குக் கேட்கவில்லை. அப்பாவின் வலது கை மெதுவாக உயர்ந்து கிழக்கே, மலைகளின் பக்கம் நீண்டது. அந்தக் கை இறங்கவேயில்லை. சித்தி மலைகளைப் பார்க்கவில்லை, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.