பதினான்காம் கேள்விக்குப் பதில்

ஊருக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று தொலைபேசியில் கேட்டு எழுதுவது பேனாக்காவின் வேலை. இரண்டு மாதத்தில் நானூற்றுப் பன்னிரண்டு வீடுகளை அழைத்திருந்தாள். எச்.பி.வி. தடுப்பூசி என்று கேள்விப்பட்டிருக்கிறீர்களா, அது எந்தப் புற்றுநோயைத் தடுக்கும், எந்த வயதில் போட வேண்டும் என்று தொடங்கி, உங்கள் மகளுக்குப் போட்டாகிவிட்டதா என்பது பதினான்காம் கேள்வி. இல்லையென்றால் ஏன் என்பது பதினைந்து. பதிலுக்கு நீலப் பேனா, குறியெண்ணுக்குப் பச்சை, தன் கையெழுத்துக்குச் சிவப்பு. ஒரு தாளிலும் அடித்தல் திருத்தல் கிடையாது. பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு நின்றுவிட்டது.

அலுவலகத்தில் ஒரு விதியை மட்டும் மறக்கவே கூடாது. கேள்வி கேட்கலாம், விளக்கம் சொல்லக் கூடாது. சொன்னால் அந்தத் தாள் செல்லாது.

"அது என்ன ஊசிம்மா? எங்க போடுறாங்க?" என்று யாராவது ஆவலாகக் கேட்பார்கள்.

"அதை நான் சொல்லக் கூடாதுங்க. தெரியாதுன்னு போட்டுக்கட்டுமா?"

நானூறு வீடுகளில் இப்படிச் சொல்லிச் சொல்லி, சொந்த வீட்டிலும் அவளுக்கு விளக்கம் வராமல் போயிற்று. மகளுக்குப் பன்னிரண்டு வயது. பள்ளியிலிருந்து வந்த சம்மதப் படிவம், பின்பக்கம் ஊசியைப் பற்றிய விவரங்களோடு, மூன்று வாரமாக அலமாரியின் மேல் கிடந்தது. அம்மாவுக்கு ஒரு கோடு, அப்பாவுக்கு ஒரு கோடு. அம்மாவின் கோடு வந்த அன்றே நிரம்பிவிட்டது. வியாழக்கிழமை பள்ளியில் ஊசி போடுகிறார்கள். அடுத்த வருடம் அவள் வேறு பள்ளிக்குப் போகிறாள், அங்கே இந்த வசதி இல்லை.

"பச்சப் பிள்ளைக்கு எதுக்கு இப்ப? அதெல்லாம் கல்யாணம் காட்சின்னு ஆனப்பறம் பொம்பளைங்களுக்கு வர்ற வியாதி," என்றார் அவள் கணவர். குழாய் வேலை செய்கிறவர்.

"அதுக்கு முன்னாலயே போட்டாத்தானேங்க நல்லது."

"பாத்துக்கலாம்."

அப்போது அவருடைய கைபேசி அடித்தது. யாரோ வாடிக்கையாளர். "சுவரெல்லாம் ஊறுன பிறகு கூப்பிட்டா நான் என்ன மந்திரமா போடுறது? ஒழுகுறதுக்கு முன்னாலயே வாஷர் மாத்தியிருக்கணும் சார். முப்பது தடவை சொல்லியிருக்கேன்."

"அப்பா, ஊசியும் வாஷர் மாதிரிதான்பா," என்றாள் மகள்.

"வாயைப் பாரு. அப்படியே உங்கம்மா."

பதினைந்தாம் கேள்வியில், வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை என்பதற்குக் குறியெண் மூன்று, பிறகு பார்க்கலாம் என்பதற்கு ஏழு. தன் வீட்டுக்கு எதைப் போடுவது என்று பாத்திரம் துலக்கும்போது பேனாக்கா யோசித்தாள். முடிவாகவில்லை.

திங்கட்கிழமை காலை, பக்கத்து மேசையில் குயில் அடுத்த எண்ணை வாய்விட்டுப் படித்தபடி அழுத்தினாள். குரலுக்காக வைத்த பெயர் குயில். கடைசி நான்கு இலக்கம் காதில் விழுந்ததும் பேனாக்காவின் பச்சைப் பேனா நின்றுவிட்டது. பட்டியலிலிருந்து ஊழியர்களின் எண்களை நீக்கியிருந்தார்கள். அவர்கள் கட்டிக்கொண்டவர்களின் எண்களை நீக்க யாருக்கும் தோன்றவில்லை. ஓடிப்போய் நிறுத்தியிருக்கலாம். ஆனால் இந்த மனுஷன் என்னதான் சொல்கிறார் என்று கேட்கும் ஆசை அவளை நாற்காலியோடு சேர்த்துக் கட்டிப்போட்டது.

பதிலைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்வது வழக்கம். ஆகவே குயிலின் வாய் வழியாகக் கணவர் பேசினார்.

"கேள்விப்பட்டிருக்கீங்க... கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய், சரி... ஒன்பது வயசுல இருந்து பதினாலுக்குள்ள... கல்யாணம் வரைக்கும் காத்திருக்கக் கூடாது... சார், உங்க மகளுக்குப் போட்டாச்சுங்களா?" பேனாக்கா பச்சைப் பேனாவை மூடினாள். "போட்டாச்சு. ரொம்ப நன்றி சார்."

குயில் தொலைபேசியை வைத்தாள். "அக்கா, எல்லாக் கேள்விக்கும் பதில் தெரிஞ்ச ஆம்பளையை இன்னைக்குத்தான் பாக்குறேன். இவரைக் கட்டினவ கொடுத்து வெச்சவ."

"ஆமா. கொடுத்து வெச்சு மூணு வாரம் ஆச்சு," என்றாள் பேனாக்கா. குயிலுக்கு விளங்கவில்லை.

அவள் மேற்பார்வையாளரிடம் போனாள். "சார், பொய் சொல்றவங்களை என்ன பண்றது?"

"பத்துத் தாளுக்கு ஒண்ணு குலுக்கிப் போட்டு மறுபடி கூப்பிடுறோமேம்மா. வெள்ளிக்கிழமை. போட்டாச்சுன்னு சொன்னவங்ககிட்ட அட்டையில இருக்கிற தேதியைக் கேப்போம். இந்த வாரம் கூப்பிடுற எண்களை முன்னாடியே குலுக்கியாச்சு, பட்டியல் சுவத்துல இருக்கு, பாரு."

பார்த்தாள். கணவரின் எண் அதில் இல்லை.

அன்று மாலை சட்டையை மடித்துக்கொண்டே பேச்சை எடுத்தாள். "வெள்ளிக்கிழமை மறு அழைப்பு இருக்குங்க. ஊசி போட்டாச்சுன்னு சொன்னவங்ககிட்ட அட்டைத் தேதி கேப்பாங்களாம்."

கணவரின் கையிலிருந்த திருகு குறடு மெதுவாகப் பெட்டிக்குள் இறங்கியது. "எல்லாரையுமா?"

"பத்துல ஒருத்தரை."

"யார் யார்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும். ஆனா அதை நான் சொல்லக் கூடாதுங்க."

அவர் பெட்டியை மூடினார். பிறகு, "அந்த ஃபாரம் எங்க? மூணு வாரமா அலமாரி மேல போட்டுட்டுக் கடைசி நேரத்துல நீட்டுறதே உனக்கு வேலையாப் போச்சு," என்றார். அவள் சிவப்புப் பேனாவை நீட்டினாள். கோட்டை விட்டு வெளியே போகாமல் போட்டார்.

வியாழக்கிழமை மகள் கையைத் தேய்த்துக்கொண்டு வந்தாள். எறும்பு கடித்த மாதிரிதான் இருந்தது என்றாள்.

வெள்ளிக்கிழமை அவர் வேலைக்கே போகவில்லை. சட்டைப் பையில் அட்டை, கையில் கைபேசி. அழைத்த வாடிக்கையாளர்களை எல்லாம் "முக்கியமான கால் ஒண்ணு வரணும், வைங்க சார்" என்று துரத்தினார். தேதியை மனப்பாடம் செய்தார். பேனாக்கா வீடு திரும்பியபோது, "இப்ப வரைக்கும் யாரும் கூப்பிடலை. என்ன ஆபீஸு நடத்துறாங்க? தெரிஞ்ச மனுஷன் பதில் சொல்லக் காத்துக்கிட்டிருக்கான், கேக்க நாதியில்ல," என்றார்.

அவள் கைப்பையை ஆணியில் மாட்டினாள். குயில் நிரப்பிய தாள் திங்கள் முதல் வியாழன் வரை பொய்யாக இருந்தது ஒன்றுதான் அவளுக்கு உறுத்தல்.

மகள் அட்டையை வாங்கிப் பார்த்தாள். "அப்பா, ஆறு மாசம் கழிச்சு இன்னொரு ஊசி இருக்காம். அதுக்கும் கையெழுத்து வேணும்."

அவர் மனைவியைப் பார்த்தார். "அப்பவும் கூப்பிடுவாங்களா?"

"அதை நான் சொல்லக் கூடாதுங்க," என்றாள் பேனாக்கா.