பொட்டிக்குள் ஜெயஸ்ரீ

"அந்தப் பொட்டிய என் மைக் இருக்கிற எடத்துல வெச்சா நான் எங்க—"

"ஒயர் எட்டலன்னுதான் ஜெயா, நீ ஒரு ஓரமா—"

"ஓரம்னா எந்த ஓரம்? பந்தி நடக்கிற ஓரமா?"

"முழுசா சொல்ல விடு. ஹம்மிங் பொட்டிலேர்ந்து வரும். மேல்ஸ்தாயி பொட்டிலேர்ந்து வரும். நீ அனவுன்ஸ்மென்ட் மட்டும்—"

"அனவுன்ஸ்மென்ட்டுக்கு எதுக்குப் பட்டுப்புடவை? நைட்டியிலயே வந்திருப்பேனே."

சிங்கப்பெருமாள் கோவில் தாண்டி ஒரு கல்யாண மண்டபம். ரிசப்ஷன் மேடையின் பக்கவாட்டில், மைக் டெஸ்டிங் நடக்க வேண்டிய நேரத்தில், சேலையூர் மோகன்ராஜும் அவர் மனைவி ஜெயஸ்ரீயும் ஒருவர் பேச்சை ஒருவர் மிதித்துக்கொண்டு நின்றார்கள்.

மோகன்ராஜின் இசைக்குழு ஒரு காலத்தில் மேடை கொள்ளாது. பிறகு தபலாக்காரர் போனார், அந்த இடத்துக்கு ஒரு பெட்டி வந்தது. புல்லாங்குழல் போனது, இன்னொரு பெட்டி. பெட்டிகள் கோபித்துக்கொள்வதில்லை, சாம்பாரில் குறை சொல்வதில்லை என்பது மோகன்ராஜின் கட்சி. இப்போது மிச்சம் ஒரு லேப்டாப், ஒரு சிந்தசைசர், ஒரு சாம்ப்ளர், விரலால் தட்டுவதற்கு ரப்பர் சதுரங்கள் பதித்த ஒரு பலகை. லேப்டாப் உத்தரவு போடும், மற்றவை வாசிக்கும். சாம்ப்ளர் என்பது எந்தச் சத்தத்தைப் பிடித்துப்போட்டாலும் தட்டும்போது அப்படியே திருப்பித் தருகிற பெட்டி. போன மழைக்காலத்தில் ஜெயஸ்ரீக்குத் தொண்டை கட்டிச் சரியானதும், "மறுபடி கட்டினா என்ன பண்றது, ஒரு சேஃப்டிக்கு" என்று அவள் குரலையும் துண்டு துண்டாக அதில் ஏற்றியிருந்தார்.

தபலாக்காரரிடமும் முதலில் சேஃப்டிக்கு என்றுதான் சொன்னார். ஜெயஸ்ரீக்கு அது நன்றாக நினைவிருந்தது.

"மைக்க விட்டா எனக்கு இந்த மேடைல வேற என்ன இருக்கு, சொல்லுங்க" என்றவள், பதிலுக்குக் காத்திராமல் குனிந்து சாம்ப்ளரின் பிளக்கைப் பிடுங்கினாள்.

"குழந்தை மாதிரி பண்ணாத." மோகன்ராஜ் திரும்பச் சொருகினார். "பாரு, லைட் எரியுது. ஒண்ணும் ஆகல."

எரிந்தது வாஸ்தவம். ஆனால் சாயங்காலம் செய்த ஏற்பாட்டை அவர் சேமித்து வைக்கவில்லை. பெட்டி கண் விழித்தபோது தன் பழைய புத்திக்குப் போயிருந்தது. தனக்கென்று ஒதுக்கிய சேனலை மட்டும் கேட்கிற ஒழுங்கு போய், லேப்டாப் யாருக்கு எதைச் சொன்னாலும் தனக்கே சொல்வதாக எடுத்துக்கொள்ளும் புத்தி. அதன் வயிற்றில் இப்போது இருந்ததும் பாட்டு இல்லை. பெட்டி வாங்கிய புதிதில், சோதித்துப் பார்க்க வீட்டு ஹாலில் மைக்கை வைத்து அவர் நாள் முழுக்கப் பிடித்த சத்தங்கள்.

மாப்பிள்ளையும் பெண்ணும் மேடை ஏறி உட்கார்ந்தார்கள். மோகன்ராஜ் லேப்டாப்பைத் தட்டினார். சிந்தசைசருக்குப் போக வேண்டிய பேஸ் கிட்டாரின் முதல் சுரம் சாம்ப்ளருக்கும் போனது. நான்கு பக்க ஸ்பீக்கரிலிருந்தும் ஜெயஸ்ரீயின் குரல் கிளம்பியது.

"முதல்ல கைய கழுவிட்டு வாங்க."

மாப்பிள்ளை மாலையோடு எழுந்து போனார்.

அடுத்த சுரம். "செருப்ப வெளிய விடுங்க, எத்தன தடவ சொல்றது?" முன்வரிசை ஆண்கள் வாசலுக்கு ஓடினார்கள். "ஆளில்லாத எடத்துல ஃபேன் எதுக்கு?" யாரோ டைனிங் ஹாலுக்குப் போய், ஆள் இருந்த ஃபேனையும் சேர்த்து நிறுத்தினார்கள். "சாப்ட்ட தட்ட சிங்க்ல போடுங்க." பஃபே வரிசையிலிருந்தவர்கள், இன்னும் சாப்பிடாத தட்டுகளோடு குழாயடிக்குத் திரும்பினார்கள்.

பெண்ணின் அப்பா துளசிங்கம் மேடைக்கு வந்தார். ஊரில் பாதி மனை அவருடையது, அவசரப்பட்டு யாரும் பார்த்ததில்லை. இப்போது மூச்சு வாங்கியது.

"இன்னா சார் இது? மாப்ள சோப்பு கேட்டுகினு நிக்கிறாரு."

"ஒரு நிமிஷம் சார், சின்ன டெக்னிக்கல்—" மோகன்ராஜ் பதற்றத்தில் ரப்பர் சதுரங்களைக் கண்டபடி தட்டினார். தட்டத் தட்டப் புதுப்புது உத்தரவு. வெங்காயம் வாங்க ஒரு கூட்டம் கிளம்பியது.

ஜெயஸ்ரீ ஓரத்திலிருந்த மைக்கை எடுத்தாள். "எல்லாரும் தயவுசெஞ்சு அவங்கவங்க எடத்துல உக்காருங்க."

ஒருவரும் திரும்பவில்லை.

"நான்தான் சொல்றேன். உக்காருங்க."

அதே குரல், அதே ஸ்பீக்கர். குழாயடி வரிசையில் ஒருவர் பின்னால் நின்றவரிடம் சொன்னது அவள் காதில் விழுந்தது. "அது பாட்டுக்காரம்மா ஏதோ பேசுது. நீ வரிசைய விடாத."

ஜெயஸ்ரீ ஒரு கணம் மைக்கையே பார்த்தாள். பிறகு கணவரைத் தள்ளிவிட்டு ரப்பர் சதுரங்களுக்கு முன்னால் நின்றாள். தன் வீட்டில் ஒரு நாள் எப்படிப் போகும் என்று அவளுக்குத் தெரியாதா? சதுரங்களும் அதே வரிசைதான். கைகழுவல், செருப்பு, தட்டு, வெங்காயம். அதற்கப்புறம் அவர் அடுப்படியில் வந்து குறுக்கே நிற்பார். அந்தச் சதுரத்தைத் தட்டினாள்.

"சும்மா குறுக்க நிக்காம போய் உக்காருங்க."

மண்டபம் உட்கார்ந்தது. நாற்காலி கிடைத்தவர்கள் நாற்காலியில், மற்றவர்கள் நின்ற இடத்தில். துளசிங்கம் மேடைப்படியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

அந்த அமைதியில் மோகன்ராஜ் சேனலைத் தேடிப்பிடித்துச் சரிசெய்தார். ஜெயஸ்ரீ பாடினாள். ஹம்மிங்கும் அவளே, மேல்ஸ்தாயியும் அவளே. தொண்டை அன்றைக்கு என்னவோ தேனாக ஓடியது. ஜனங்கள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கச்சேரி முடிந்து ஒயர் சுற்றும்போது துளசிங்கம் வந்தார், முகமெல்லாம் மலர்ச்சி.

"பாட்டு கெடக்குது சார். அந்தக் கொரல் எங்க புட்ச்ச? பெரியவ கல்யாணத்துல பந்தி முடியறதுக்குள்ள சமையல்காரனே தூங்கிட்டான். இன்னிக்கி சொந்தக்காரனுங்க தட்டு கழுவி அடுக்கி வெச்சிட்டுப் போயிருக்கானுங்க. அடுத்த மாசம் பெரியவளுக்கு சீமந்தம். அந்தக் கொரல எட்தாந்துடு."

"அந்தக் குரல் இவங்கதான் சார்" என்றார் மோகன்ராஜ்.

துளசிங்கம் ஜெயஸ்ரீயை நிதானமாகப் பார்த்தார். "இல்ல சார். இந்தக்கா பாடறவங்க. அது வேற. அதுல ஒரு இது கீது."

அவர் போனதும் மோகன்ராஜ், இன்னும் பிளக்கைக் கழற்றாத பெட்டியைத் துணியால் துடைத்தார். "யோசிச்சுப் பாத்தா நல்லதுதான் ஜெயா. உனக்கும் அலைச்சல் மிச்சம். வீட்ல நிம்மதியா—"

துடைத்த விரல் ஒரு சதுரத்தில் பட்டது.

"செருப்ப வெளிய விடுங்க, எத்தன தடவ சொல்றது?"

அவர் பேச்சை அப்படியே நிறுத்தி, குனிந்து, ஷூவைக் கழற்றி, மேடைக்கு வெளியே கொண்டுபோய் ஜோடியாக வைத்துவிட்டு சாக்ஸோடு திரும்பி வந்தார்.

ஜெயஸ்ரீ மைக்கை ஸ்டாண்டிலிருந்து கழற்றி மார்போடு பிடித்துக்கொண்டாள்.

"என்னங்க, இப்ப பேசறது நான், பொட்டி இல்ல. அதுக்குள்ள என் குரல் எவ்வளவு இருக்கோ, அத்தனையும் என் கண்ணு முன்னால அழிங்க."