விலாவுக்குள் ஒரு பனி உருண்டை

1

இந்தக் கதை ஒரு மருத்துவமனை வராந்தாவில், கோபத்தில் பிறந்தது. பக்கத்து நாற்காலிக்காரர் தன் மனைவியிடம் வலி மாத்திரையை நீட்டி, "டாக்டர்கிட்ட முனகிக்கிட்டா போவாங்க? முழுங்கு" என்றார். அவள் விழுங்கினாள். மற்றதெல்லாம் கற்பனை. கோபம் மட்டும் அசல்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'மழை பெய்துகொண்டிருந்த அந்தக் காலையில்...' (அடித்துவிட்டேன். மழைக்கும் நரம்புக்கும் என்ன சம்பந்தம்?)

அவள் தையற்காரி. நெஞ்சில் நடந்த அறுவை சிகிச்சையில் விலா நரம்பு ஒன்று காயப்பட்டது. புண் ஆறிவிட்டது, நரம்புக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. சட்டை உரசினாலே நெருப்பு வைத்ததுபோல் எரிகிறது. (துணியோடு பிழைப்பவளுக்குத் துணியே பகை. இது ஜோடித்தது போல இருக்கிறதா? ஜோடித்ததுதான்.)

3

வைத்தியம் அழகானது, விளக்காமல் இருக்க முடியவில்லை. ஊசிபோல ஒரு குழாய். அழுத்தி அடைத்த வாயு, குழாய்க்குள்ளேயே நுனியருகே ஒரு நுண்துளை வழியாகப் பீறிட்டு விரிகிறது. விரிவதால் குளிர்கிறது. பிறகு வந்த வழியே வெளியேறிவிடுகிறது, உடம்புக்குள் போவதில்லை. வெளியே, நுனியைச் சுற்றி ஒரு பனி உருண்டை திரள்கிறது. நரம்பின் உள்ளிழை உறைந்து அடங்கும்; மேலுறை தப்பிவிடும். உறைக்குள் இழை மெல்ல மறுபடி வளரும்வரை, பல மாதங்கள், நிம்மதி.

எந்த நரம்பை உறைய வைப்பது? முதலில் அதை மருந்தூசியால் மரத்துப்போகச் செய்து பார்ப்பார்கள். வலி சட்டென்று இறங்கினால், அதுதான். ஆகவே சோதனைக்கு வலியோடு வரவேண்டும். இதை அவளிடம் யாரும் சொல்லவில்லை.

4

"ஊசிக்கு முன்னாடி வலி பத்துக்கு எவ்வளவும்மா?" என்றார் டாக்டர்.

"ரெண்டு இருந்துச்சுங்க."

"இப்ப?"

"அதே ரெண்டுதான்."

"அப்ப இந்த நரம்பு இல்ல. உறைய வெச்சுப் பிரயோஜனமில்ல."

"நான் சொல்லல? எல்லாம் மனசு டாக்டர். மிஷின்ல உக்காரச் சோம்பல்," என்றார் கணவர்.

(இவருக்கு ஒரு நல்ல குணமாவது தரப் பார்த்தேன். இவர் உண்மையில்... வேண்டாம், விடுங்கள்.)

5

முடிவு ஒன்று: அவள் எரிச்சலோடு வீடு திரும்புகிறாள். (கிழித்தேன்.)

முடிவு இரண்டு: டாக்டரே கேட்கிறார், "காலையில மாத்திரை போட்டீங்களா?" (அவருக்கு அது தோன்றியிருந்தால் நான் இதை எழுதவே உட்கார்ந்திருக்கமாட்டேன்.)

முடிவு மூன்று: கதவருகே அவள் நிற்கிறாள். அளவெடுக்கும்போது வயிற்றை எக்கிக்கொள்ளும் ஆட்களை அவளுக்குத் தெரியும். அப்புறம் சட்டை பிடிக்கிறது என்று சண்டைக்கு வருவார்கள். தன் அளவும் இன்று அப்படித்தான் எடுக்கப்பட்டது என்று அவளுக்கு உறைக்கிறது. திரும்புகிறாள்.

"டாக்டர், காலையில இவரு எனக்கு..."

கணவர் வாயைத் திறக்கிறார்.

திறந்த வாயோடு அவரை இங்கேயே நிறுத்திவைத்திருக்கிறேன். என்னால் ஆனது அவ்வளவுதான். நீங்கள் பக்கத்தைத் திருப்பாதவரை அவரால் பேச முடியாது.

அவசரப்படாதீர்கள். அவள் சொல்லி முடிக்கட்டும்.