சல்லடையில் நின்ற சத்தம்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். என் அண்ணிக்கு அது வரவே வராது. அதனாலேயே எனக்கு இன்னும் கோபம் வரும். அன்று காலை துறைத்தலைவர், அண்ணியின் இயற்பியல் ஆய்வறை வாசலில் நின்றபடியே, "சல்லடைல தண்ணி அள்ளுற வேலைம்மா இது. சாயங்காலம் சாவியைக் குடுத்துடுங்க, அறை வேற குழுவுக்குப் போகுது" என்றார். மூன்று வருட உழைப்பு. அண்ணி, "சரிங்க சார்" என்றார்.

நான் அரங்குகளுக்கு ஒலி அமைப்பவன். அண்ணி கேட்டாரென்று நல்ல மைக் ஒன்றைக் கொண்டுபோயிருந்தேன். சல்லடை என்று அந்த மனிதர் சொன்னது தலையணை அளவில் இரண்டு எஃகுத் தகடுகளை. இரண்டிலும் தேன்கூடு மாதிரி துளைகள். பென்சில் கரியை ஓர் அணு கனத்துக்கு உரித்தால் அணுக்கள் இப்படித்தான் நிற்குமாம். அங்கே எலெக்ட்ரான் ஓடுவதைப் போலவே இங்கே துளைகளுக்குள் சத்தம் ஓடும். கண்ணுக்குத் தெரியாததை மேசைமேல் தூக்கி வைத்துவிட்டாரே என்று எனக்கு ஒரே மலைப்பு.

அந்தக் கரித்தாள் இரண்டை அடுக்கி, மேல் தாளை இம்மியளவு திருப்பினால் எலெக்ட்ரான் நகர மாட்டாமல் தேங்கிவிடும். அண்ணியும் அதே கோணத்தில்தான் தகட்டைத் திருப்பியிருந்தார். சத்தமோ நடுவில் விட்டால் ஓரம்வரை ஓடியது.

"இவ்வளவு சின்னக் கோணத்துக்குத் தகடு ரொம்பப் பெருசா வேணும், தம்பி. இந்த அறையே பத்தாது."

"அப்ப கோணத்தைக் கூட்டித் தொலைங்களேன், அண்ணி."

"கூட்டினா தேங்காது. ரெண்டு தாளுக்கும் நடுவுல இருக்கிற பிடிப்பு அவ்வளவுதான்..." பாதியில் நிறுத்திவிட்டுத் தகடுகளுக்கு நடுவே இருந்த தடித்த பிளாஸ்டிக் தாளைப் பார்த்தார். பிறகு தலையில் அடித்துக்கொண்டார். "நான் ஒரு மக்கு, தம்பி. காப்பியடிக்கிறதுல இவ்வளவு யோக்கியமா இருந்திருக்கேன் பாருங்க. அணுக்களோட பிடிப்புதான் நம்ம இஷ்டத்துக்கு வராது. இது நம்ம பிடிப்பு."

கேன்டீனுக்கு ஓடி, பாத்திரம் மூடுகிற மெல்லிய பிளாஸ்டிக் தாளை வாங்கிவந்தார். தாள் மெலிந்தால் இரண்டு தகடுகளின் சத்தமும் நன்றாகக் கலக்கும், பிடிப்பு கூடும். பிடிப்பு கூடினால் பெரிய கோணத்திலும் சத்தம் தேங்கும், இந்தத் தகடே போதும். அதை நடுவே விரித்து, கோணத்தைத் தாராளமாகவே கூட்டினார்.

சாயங்காலம் துறைத்தலைவர் வந்து கையை நீட்டினார். அண்ணி சாவியைக் கொடுத்துவிட்டு, "ஒரு நிமிஷம் கேட்டுட்டுப் போங்க சார்" என்று ஹெட்ஃபோனையும் நீட்டினார். என் காதில் இன்னொன்று இருந்தது. நடுத் துளையில் விட்ட சத்தத்தின் சுருதியை மெல்ல ஏற்றினார். ஓர் இடத்தில் நடுத் துளை வீறிட்டது. மைக்கை நாலு விரல் தள்ளினால் நிசப்தம். சத்தத்தைக் கடைசி வரிசைவரை விரட்டுவதுதான் என் பிழைப்பு. விரட்டினாலும் போகாத சத்தத்தை அன்றுதான் கேட்டேன். கண் கலங்கிவிட்டது.

துறைத்தலைவர் என்னிடமிருந்து மைக்கைத் தானே வாங்கி முன்னும் பின்னும் நகர்த்தினார். காலையில் அவர் சொன்னதை அவர் முகத்துக்கு நேரே திருப்பிக் கொடுக்க நான் வாயைத் திறந்தேன். அண்ணி முந்திக்கொண்டார்.

"சல்லடைல தண்ணி நிக்காதுதான் சார்" என்றார், அதே சாந்தமான குரலில். "சத்தம் நிக்குது."

துறைத்தலைவர் ஹெட்ஃபோனைக் கழற்றாமலே சட்டைப்பையைத் துழாவி, சாவியை எடுத்துத் தகட்டின் பக்கத்தில் வைத்தார்.