வீங்கிய குழல்

செம்பாக்கம் ஏரிக்கரைச் சாலையின் பள்ளத்தில் ஸ்கூட்டர் சரிந்தபோது சாலமனுக்கு முழங்கை மட்டுமே சிராய்த்தது. தோளில் தொங்கிய ஒற்றைக்குழல் துப்பாக்கிக்கோ பின்புற மரக்கட்டை பிளந்துவிட்டது. பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றதும், எவரோ வேண்டாமென்று கழித்ததை மலிவாக வாங்கியிருந்தார். அதை நம்பித்தான் பதினோரு ஆண்டுகளாகத் தாம்பரத்தில் ஒரு வங்கி வாசலில் காவல் நிற்கிறார். சொந்தத் துப்பாக்கியும் உரிமமும் உள்ளவருக்கே அந்த வேலை. துப்பாக்கி போனால் வேலையும் போகும்.

விடுப்பு எடுத்து, நகரத்தில் துப்பாக்கி பழுதுபார்க்கும் எத்திராஜிடம் கொண்டுபோனார். எத்திராஜ் குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்த்தார்.

"கட்டைய ஒட்டிடலாம் சார், புதுசாட்டம் ஆயிடும். ஆனா குழாய் உள்ள வீங்கிகினு கீது. சுட்டீங்கன்னா திருடன் தப்பிச்சுப்பான், உங்க மூஞ்சிதான் பேஜாராயிடும்."

"குழல மாத்த முடியாதா?"

"அந்தத் துட்டுக்கு வேற துப்பாக்கியே வாங்கலாம். இத்த எவன் உங்க தலைல கட்டினான்?"

வீட்டில் மனைவி கிறிஸ்டினா ஒரே பேச்சில் முடித்தாள். "கட்டைய மட்டும் ஒட்டிக்கிட்டு வாங்க. பதினோரு வருஷத்துல ஒரு தடவ சுட்டிருக்கீங்களா? சும்மா பிடிச்சுக்கிட்டு நின்னாப் போதாதா?"

அவள் சொன்னதில் பிழையில்லை. ஆயினும் நாள்தோறும் காலையில் தோட்டாவை உள்ளே இடுபவர் அவர். என்றேனும் விசையை அழுத்த நேர்ந்தால்? ஓய்வூதியக்காரர்கள் அவரை உரசிக்கொண்டல்லவா வரிசையில் நிற்கிறார்கள்! துப்பாக்கியைத் தொடையில் சாய்த்துக்கொண்டு அவர்களுக்குப் படிவம் நிரப்பித் தருபவரும் அவர்தான். இரவெல்லாம் புரண்டவர், விடிந்ததும் ஒட்ட வேண்டாம் என்று தீர்மானித்தார்.

மேலாளர் ஜெயஸ்ரீயின் முன் நின்று, ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். சொல்லி முடித்ததும், வேலை போயிற்று என்றே எண்ணினார்.

ஜெயஸ்ரீ கண்களை மூடித் திறந்தாள். "சாலமன் சார், நீங்க எழுதக் குனியறப்பல்லாம் அந்தத் துப்பாக்கி முனை என் கேபினைத்தான் பார்க்கும். நாற்காலியைத் தள்ளித் தள்ளிப் போட்டு, இப்போ சுவரோட ஒட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்!"

"சொல்லியிருக்கலாமே, மேடம்?"

"சொல்லி, நீங்க கோவிச்சுக்கிட்டு வேலையை விட்டு நின்னுட்டா? ஒண்ணாம் தேதிக் கூட்டத்தை யார் சமாளிக்கிறது? துப்பாக்கி இல்லாத காவலர்னே உங்க செக்யூரிட்டி ஏஜென்சிக்கு எழுதறேன். சம்பளம் கொஞ்சம் குறையும், பரவா..."

"பரவாயில்லை மேடம்," என்றார், அவள் கேட்டு முடிக்கும் முன்பே.

அன்று மாலையே துப்பாக்கியையும் உரிமத்தையும் காவல் நிலையத்தில் ஒப்படைத்தார். திரும்பும்போது, அதே பள்ளத்தருகே, துப்பாக்கி வாரைப் பிடிக்கத் தோளுக்குப் போன கை வெறுமனே இறங்கியது.

ஒன்றாம் தேதி வந்தது. பத்தாவது படிவத்தை நிரப்பிவிட்டுச் சாலமன் நிமிர்ந்தார். கண்ணாடிக்கு அப்பால், ஜெயஸ்ரீயின் நாற்காலி அறையின் நடுவே வந்திருந்தது.