நடுவில் இருந்த குமிழ்

அந்த இசைக்குழுவில் எல்லாருக்கும் அவள் அண்ணிதான். அப்படிக் கூப்பிட உரிமை உள்ளவள் ஒருத்திதான், டிரம்ஸ் வாசிக்கும் நாத்தனார். அவள் வாய் ஓயாமல் கூப்பிட்டதில் மற்றவர்களுக்கும் தொற்றிக்கொண்டது. பாட்டுப் பாடுகிற மருந்துக்கடைக்காரர் அவளைவிடப் பதினைந்து வயது மூத்தவர், அவரே "அண்ணி, ஆரம்பிக்கலாமா?" என்றுதான் கேட்பார்.

அண்ணிக்குக் கண்ணாடிக்கடையில் வேலை. வருகிறவரை உட்கார வைத்து, ஒரு கண்ணை மறைத்து, "இது தெளிவா இருக்கா, இல்ல இதுவா?" என்று லென்ஸை மாற்றி மாற்றிப் போடுவாள். அரை நிமிஷத்துக்கு மேல் யோசிப்பவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது. அப்பேர்ப்பட்டவள் அடிச்சுரம் வாசிக்கும் தன் பேஸ் கிட்டாருக்கு ஒரு ப்ரீஆம்ப் தேர்ந்தெடுக்க மூன்று மாதமாகத் தவித்தது வீட்டில் கேலிக்கு நல்ல தீனியாகிவிட்டது.

ப்ரீஆம்ப் என்றால் பெரிய சமாசாரம் ஒன்றுமில்லை. தீப்பெட்டி அளவு சர்க்யூட் போர்டு. கிட்டாரின் வயிற்றுக்குள் ஒரு பேட்டரியோடு உட்கார்ந்துகொண்டு, சத்தம் வெளியே போகுமுன் அதைக் கூட்டிக் குறைத்து அனுப்பும். அண்ணிக்கு அது தேவைப்பட்ட காரணம் எளிமையானது. நாலு வருஷமாக வாசிக்கிறாள், யார் காதிலும் விழவில்லை. நாத்தனார் போனில் எடுத்த வீடியோக்களில் அண்ணியின் விரல்கள் ஓடுவது தெரியும். சத்தம் மட்டும் வராது.

"ஊமைப்படம் அண்ணி. கீழே வசனம் எழுதிப் போட்டாத்தான் உண்டு" என்பாள் நாத்தனார்.

ஆகவே அண்ணி கடை ஓய்ந்த நேரமெல்லாம் ப்ரீஆம்ப்களைப் பற்றிப் படித்தாள். திருப்புவதற்கு இரண்டு குமிழா, மூன்று குமிழா. பேட்டரி ஒன்றா, இரண்டா. பேட்டரி செத்துப்போனால் அது இல்லாமலே வாசிக்க ஒரு ஸ்விட்ச் வேண்டுமா. நோட்டுப் புத்தகத்தில் பதினோரு பக்கம் நிரம்பியது.

"என்னைக் கட்டிக்க சம்மதம் சொல்ல எத்தனை நாள் எடுத்துக்கிட்டே?" என்று கணவன் ஒருநாள் சாப்பிடும்போது கேட்டான்.

"ரெண்டு நாள்."

"இதுக்கு மூணு மாசம். என்னையும் கொஞ்சம் விசாரிச்சிருக்கலாம்ல?"

"விசாரிச்சிருந்தா நீ இன்னும் தனியாத்தான் சமைச்சுச் சாப்பிட்டுக்கிட்டு இருப்பே" என்றாள் அவன் தங்கை.

கடைசியில் நாத்தனார்தான் அண்ணியைக் கையோடு இழுத்துக்கொண்டு, தையல்கடை மாடியில் இருந்த பட்டறைக்குப் போனாள். கிட்டார் பழுது பார்க்கும் அந்த மனிதருக்குப் பட்டப்பெயர் பத்தவைப்பு. ஈயம் பத்த வைப்பதில் கெட்டிக்காரர். ஆளுக்கு ஆள் பத்த வைப்பதிலும் சளைத்தவர் இல்லை. ஒரு பலகையில் மூன்று ப்ரீஆம்ப்களை வரிசையாகத் திருகி, எது வேண்டுமோ அதற்குத் தாவ ஒரு ஸ்விட்சும் வைத்திருந்தார்.

முதலாவது கொஞ்சம் இரைந்தது. அதை அண்ணி உடனே தள்ளிவிட்டாள். இரண்டாவதுக்கு இரண்டே குமிழ். கனத்த அடிச்சத்தத்தைக் கூட்டியதும் மேசை மேலிருந்த டப்பாவில் திருகாணிகள் குதித்தன. அண்ணியின் முகம் மலர்ந்தது. மூன்றாவதில் நடுச்சத்தத்துக்கென்று நடுவே இன்னொரு குமிழ். அதைத் திருப்பியதும் அவள் முகம் சுருங்கியது.

"ஜலதோஷம் பிடிச்ச குரல் மாதிரி இருக்கே சார்."

"ரெண்டாவது உங்களுக்குப் பிடிக்கும் மேடம். மூணாவது மத்தவங்களுக்குக் கேட்கும்" என்றார் பத்தவைப்பு. "உங்க நாத்தனார் அடிக்கிற அடியில ரெண்டாவது எடுபடாது. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க."

பக்கத்திலேயே நின்ற நாத்தனார் சும்மா இருப்பாளா? அண்ணியைச் சுவர்ப்பக்கம் திருப்பி உட்கார வைத்து, "நான் மாத்தி மாத்திப் போடறேன். ரெண்டாவதா, மூணாவதா, சொல்லுங்க" என்றாள். ஸ்விட்சைத் தட்டும் சத்தம் கேட்டது. அண்ணி வாசித்தாள். மறுபடி தட்டல். மறுபடி வாசித்தாள்.

"நீ மாத்தவே இல்ல. நகத்தால பலகையைத் தட்டுறே."

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"இதே திருட்டுத்தனத்தை லென்ஸை வச்சு நான் தினம் பத்துப் பேர்கிட்ட பண்றேன்."

தனியாக உட்கார்ந்து கேட்டால் இது தீராது என்று மூவருக்கும் புரிந்தது. பலகையை அப்படியே இரவல் வாங்கிக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, ஒரு அச்சகத்தின் காகிதக் கிடங்கில்தான் ஒத்திகை. முதலில் இரண்டாவதைப் போட்டார்கள். தகர அலமாரிகள் கடகடவென்று ஆடின. கீபோர்டு வாசிக்கும் கணக்கு வாத்தியார் நடுவில் நிறுத்தி, "வெளியே லாரி ஏதாவது நிக்குதா?" என்று ஜன்னலை எட்டிப் பார்த்தார். அண்ணி மூன்றாவதுக்குத் தாவி, அந்த நடுக்குமிழை மனசில்லாமல் திருப்பினாள்.

ஜலதோஷக் குரலைக் காணோம். டிரம்ஸுக்கும் கீபோர்டுக்கும் இடையே அவள் வாசித்த ஒவ்வொரு சுரமும் பல் வரிசை மாதிரி துலக்கமாக நின்றது. மருந்துக்கடைக்காரர் பாடிக்கொண்டே திரும்பிப் பார்த்தார். நாத்தனார் குச்சியை உயர்த்திக் காட்டினாள். அண்ணிக்குக் காது சூடேறியது. மூன்று நிமிஷம் அவள் தரையில் இல்லை.

அடுத்தது மருந்துக்கடைக்காரர் தானே மெட்டமைத்த பாட்டு. குழுவின் செல்லப் பாட்டு. பாதி வழியில் வாத்தியாரின் கை நின்றது.

"அண்ணி, பல்லவிக்குத் திரும்பற இடத்துல என்ன சுரம் வாசிக்கிறீங்க?"

"சி."

"அங்க ஜி வரணும்."

"நீங்க எழுதிக் கொடுத்த தாளிலேயே இங்கிலீஷ்ல 'சி'ன்னுதான் இருக்கு" என்று பையிலிருந்து மடிப்புக் கிழிந்த தாளை எடுத்து நீட்டினாள். வாத்தியார் பார்த்தார். நாத்தனார் பிடுங்கிப் பார்த்தாள். பார்த்தவள் டிரம்ஸ் மேலேயே கவிழ்ந்துவிட்டாள்.

"இது ஜி அண்ணி! உள்ளே குட்டியா ஒரு கோடு இருக்கு பாருங்க. ஊருக்கெல்லாம் கண்ணு பார்க்கிறவங்க, நாலு வருஷமா..."

"அந்தக் கோட்டை ஒழுங்கா இழுத்தா என்ன? இது கோடா, கொசுக்கடியா?"

வாத்தியார் தன் கையெழுத்தைப் பற்றிப் பேச்சு வந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டார். அண்ணிக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. குமிழைப் பழையபடி திருப்பி வைத்துவிட்டால் என்ன என்றுகூட ஒரு கணம் தோன்றியது. கேட்காத வரைக்கும் மானத்தோடு இருந்தோமே!

"சரி, ஜி வாசிக்கிறேன். முதல்ல இருந்து போடு" என்றாள்.

போட்டார்கள். அந்த இடம் வந்தது. அண்ணி சுத்தமாக ஜி வாசித்தாள். மருந்துக்கடைக்காரர் பல்லவிக்குத் திரும்ப வாயைத் திறந்தார். சுருதி எங்கேயோ போய் விழுந்தது. இன்னொரு தடவை. அதே கதை. நாலு வருஷமாகத் தூக்கத்தில்கூடத் தப்பாமல் பாடியவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"பல்லவி எந்தச் சுரத்துல ஆரம்பிக்குது?" என்று அண்ணி மெதுவாகக் கேட்டாள்.

"'சி'யிலதான்..." என்று சொல்ல வந்த வாத்தியார் பாதியில் நிறுத்தினார்.

மருந்துக்கடைக்காரர்தான் முதலில் வாய் திறந்தார். "அப்போ நான் இவ்வளவு நாளா உங்ககிட்ட இருந்துதான் சுருதி எடுத்திருக்கேன் அண்ணி. எனக்கே தெரியல."

அண்ணி கிட்டாரின் வார்ப்பட்டையைச் சரிசெய்வதுபோல் கொஞ்ச நேரம் குனிந்தே இருந்தாள். பிறகு, "ஜி வாசிச்சுட்டு, தாளத்தோட கடைசித் தட்டுல மட்டும் 'சி'க்குப் போறேன். நீங்க அதைப் பிடிச்சுக்கிட்டு வாங்க" என்றாள். அப்படியே வாசித்தாள். அவர் அப்படியே பிடித்துக்கொண்டார்.

மறுநாள் சாயங்காலம் பத்தவைப்பு மூன்றாவதை அவள் கிட்டாருக்குள் வைத்துப் பத்த வைத்தார். "நான் சொல்லல? மூணாவதுதான் சரின்னு உங்க நாத்தனாருக்கு அப்பவே தெரியும் மேடம், உங்ககிட்ட மறைச்சுட்டாங்க" என்று அதோடு ஒரு திரியையும் கொளுத்திப் பார்த்தார். அண்ணி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அடுத்த மாதம் நூலக ஆண்டு விழாவில் வாசித்தார்கள். எப்போதும் மேடை நடுவில் நிற்கிற மருந்துக்கடைக்காரர் அன்று மைக்கைத் தூக்கிக்கொண்டு வந்து அண்ணியின் ஸ்பீக்கர் பக்கத்தில் நட்டுக்கொண்டார். விழாக்காரர்கள் வந்து, வெளிச்சம் நடுவில்தான் விழுகிறது என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்கள். அவர் நகரவில்லை.