சனிக்கிழமை ஏறும் கிணறு

எட்டாம் வகுப்பு ஜன்னலுக்கு வெளியே, சைக்கிள்களுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தேன். அம்மாவுக்குச் சாப்பாட்டுத் தூக்கைக் கொடுத்துவிட்டு நேராக வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். கால் கேட்கவில்லை.

உள்ளே சுவரோரம் ஐந்து சார்ட்டுகள் தொங்கின. புதிதாக வந்த சுசீலா டீச்சர் மூன்று வாரமாகப் பாடப்புத்தகத்தைத் திறக்கவே இல்லையாம். பிள்ளைகளைக் குழு குழுவாகப் பிரித்து, அவரவர் தெருவில் ஒரு விஷயத்தைத் தாங்களே கண்டுபிடித்து வரச் சொல்லியிருந்தார். ப்ராஜெக்ட் என்று பெயர். என் தங்கை பத்மாவின் குழு எடுத்துக்கொண்டது எங்கள் ஏழு குடித்தனத்துக்கும் பொதுவான கிணற்றின் தண்ணீர் மட்டம்.

அளந்தது நான். எண்பத்தொன்பதில் அம்மா வேலைக்குப் போக ஆரம்பித்தாள், நான் எட்டாவதோடு நின்றேன். விடிவதற்கு முன் கிணற்றில் விழும் முதல் வாளி என்னுடையது. கயிற்றில் முழத்துக்கு ஒரு முடிச்சு போட்டிருந்தேன். வாளி தண்ணீரைத் தொடும்போது எத்தனை முடிச்சு இறங்கியிருக்கிறது என்று தினமும் எழுதி வைப்பேன். யாரும் கேட்டதில்லை. எழுதாத நாளில் அடுப்பில் எதையோ வைத்துவிட்டு மறந்துபோன மாதிரி இருக்கும். அரிசி டின்னுக்குப் பின்னால் இருந்த அந்த நோட்டைத்தான் பத்மா எடுத்தாள்.

"அக்கா, எல்லாமே இதுல கீது! நாங்கோ அளந்தோம்னு சொல்லிக்கிறோம். யாருக்குத் தெரியப்போவுது?"

சரி என்றேன். என் எண்களை எல்லோரும் பார்ப்பதை ஒரு தடவை பார்த்தால் போதும் என்றிருந்தது. இதோ, சிவப்பு ஸ்கெட்ச் பேனாவில் மேடும் பள்ளமுமாகப் போகின்றன.

"எப்போ அளந்தீங்க?" என்று சார்ட் பக்கத்தில் நின்ற பத்மாவிடம் டீச்சர் கேட்டார்.

"ஸ்கூல் உட்டுப் போயி, டீச்சர். சாயந்தரம்."

"மூணு சனிக்கிழமையும் தண்ணி ஒரு முழம் ஏறியிருக்கே. எப்படி?"

பத்மா கூட நின்றவளைப் பார்த்தாள். "மழை, டீச்சர்."

"மாசி மாசத்துல, சனிக்கிழமை பார்த்து மழையா?"

"கெணத்துக்கு அரை நாள் லீவு டீச்சர்!" என்று பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது. வகுப்பே சிரித்தது.

டீச்சர் சிரிக்கவில்லை. பென்சிலை எடுத்தார். "தப்பா அளந்திருந்தா நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். அளக்காமலே எழுதறதுதான் ஆகாது." முதல் சனிக்கிழமையின் மேல் குறுக்கே அழுத்தி ஒரு கோடு போட்டார்.

ஜன்னல் கம்பியைப் பிடித்தேன். அவர் அடித்தது நான் குளிரில் நின்று பார்த்த தண்ணீரை. வாயைத் திறந்தால் நாற்பது பேர் நடுவில் பத்மா பொய்க்காரி ஆவாள். திறக்காவிட்டால் கிணறே பொய் ஆகிவிடும். ரேஷன் கடையில் சர்க்கரை குறைந்தால்கூட நான் பேசாமல் வந்துவிடுகிறவள். இரண்டாவது சனிக்கிழமையும் போயிற்று. பென்சில் மூன்றாவதின் மேல் இழுபட்டது.

"கம்பெனி லீவு" என்றேன். எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "எங்க பின்சுவத்துக்கு அந்தாண்ட ஒரு கம்பெனி கீதுங்க. அவங்களுக்கு வெள்ளிக்கெயமதான் லீவு. அன்னிக்கு தண்ணி இழுக்குற போர் மோட்டார் ஓடாது. ராத்திரி முச்சூடும் ஊறி, சனிக்கெயம காத்தால ஏறிடும். அளந்தது சாயந்தரம் இல்ல. காத்தால நாலரைக்கு."

எல்லாத் தலையும் ஜன்னலுக்குத் திரும்பியது. பத்மாவுடையது மட்டும் திரும்பவில்லை.

டீச்சர் ஜன்னலருகே வந்தார். நான் யார், ஏன் அங்கே நிற்கிறேன் என்று கேட்பார் என நினைத்து ஒரு காலைப் பின்னால் வைத்தேன்.

"அந்தக் கம்பெனி போர் எத்தனை அடி?"

"தெரியாது, டீச்சர்" என்றேன். டீச்சர் என்று ஒருவரைக் கூப்பிட்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது.

"சரி, விசாரிக்கணும்" என்று, எனக்கா வகுப்புக்கா என்று தெரியாதபடி சொன்னார். பிறகு மேஜையிலிருந்த ரப்பரை எடுத்துப் பத்மாவிடம் நீட்டினார். "அந்தக் கோடுங்களை அழி."

பத்மா அழித்தாள். என் பக்கம் பார்க்காமல், முழங்கை ஆட ஆட அழித்தாள். முதல் கோடு போனது. இரண்டாவது பாதி போனது, ரப்பர் தூள் அவள் பாவாடையில் உதிர்ந்தது. மூன்றாவதில் சார்ட் நைந்து கிழிந்து, பின்னாலிருந்த சுண்ணாம்புச் சுவர் தெரிந்தது. அப்போதும் அவள் கை நிற்கவில்லை.